ஆராய்பவரே பெயரிடுவர்

புளியங்குளத்து வயலோரப் பாறையை வெறுங்கல்லென எண்ணிக் கடந்து செல்கின்றோம். ஆயின், சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி கல்லை அவ்வாறு எண்ணினாரல்லர். கண்டிப் பகுதியிற் கிடைத்த நீலநிறக் கனியமொன்றின் இரசாயன அமைப்பையும் பளிங்கியல்பையும் பிரித்தானிய அறிஞர் பிரயருடன் சேர்ந்து ஆராய்ந்தார். அஃது உலகறியாத புதிய இனமென இருவரும் 1903 இல் நிறுவினர். இலங்கையின் பழம்பெயரான செரண்டிப்பைக் கொண்டு, செரண்டிபைற்று எனப் பெயருமிட்டனர். சாட்சியமின்றித் தீர்ப்பில்லை என்னும் விதி நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று!

புவிச்சரிதவியலாளர் இன்று இலங்கைப் பாறைத் தொகுதியொன்றை வன்னியின் பெயராலேயே அழைக்கின்றனர். பெயர் நமது, ஆராயும் கண்ணும் நமதாக வேண்டாமா? கற்றோரே, உழவர் பெருமக்களே! கல்லுடைக்கும் இயந்திரம் வருமுன், நம் பாடசாலைகள்தோறும் பிள்ளைகள் ஊர்க்கற்களைச் சேர்த்து ஆராய வழிசெய்வோம்.