முதுகில் ஊசி போதுமா?



"இடுப்பு புடிச்சிக்கிச்சு அண்ணே. சின்சேகிட்ட நாலு ஊசி குத்திக்கிட்டா சரியாப் போயிடுமாமே?" புந்தோங் கடைவீதியில் ஓர் அக்காள் என்னிடம் கேட்டார். பால்மரக் காட்டில் இருபது வருடம் காண்டா வாளி சுமந்தவர். இன்று செம்பனையில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறார். அவர் முதுகு நோகாமல் வேறு யார் முதுகு நோகும்?

சின்சே குத்தும் இடங்களில் முக்கியமானது 'ஷென்ஷு'. இடுப்புப் பகுதியின் இரண்டாவது முள்ளெலும்புக்குக் கீழே, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் இரண்டு விரல் அகலம் தள்ளி உள்ளது. இடுப்பு வலி, முழங்கால் தளர்ச்சி, சிறுநீர்த் தொல்லை, காது இரைச்சல் ஆகியவற்றுக்குச் சீன வைத்தியம் இதைப் பயன்படுத்துகிறது.

இது வெறும் கதையா? நாட்பட்ட இடுப்பு வலிக்கு ஊசி வைத்தியத்தையும் ஒரு வழியாகச் சேர்த்துக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஆனால் சான்று வலுவாக இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ 2016-இல் வேண்டாம் என்றது. ஆக, சிலருக்கு வலி தணியலாம். காது இரைச்சலும் சிறுநீர்த் தொல்லையும் தீரும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். இடுப்புப் பட்டை வாங்கிக் கட்டுவதையும் அதே உலக நிறுவனம் ஆதரிக்கவில்லை, உடற்பயிற்சியைத்தான் ஆதரிக்கிறது.

குத்திக்கொள்வதென்றால் கண்ட இடத்தில் வேண்டாம். 2007-இல் கெப்பாலா பத்தாஸ் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொடங்கியது. 2016-இல் இதற்கென்று சட்டமும் வந்தது. பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஊசி புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஆழமாகக் குத்தினால் உள்ளுறுப்பு காயப்படும். கர்ப்பிணியும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலியோடு கால் மரத்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ சின்சே வாசல் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

இன்னொன்று. காலையில் ஊசி, மறுநாள் காலையில் அதே சுமை என்றால் அந்த வலி எங்கே போகும்? கூலி உயர்வு கேட்கும் நாம், சுமைக் குறைப்பு கேட்கிறோமா? தள்ளுவண்டி, நீண்ட பிடியுள்ள கருவி, இடையில் ஓய்வு இவையெல்லாம் சலுகை அல்ல, நம் உரிமை. சங்கக் கூட்டத்தில் வாய் திறந்து கேளுங்கள்.

வேலையில் விழுந்து முதுகில் அடிபட்டால், "சின்ன வலிதானே" என்று மறைக்காதீர்கள். அன்றே கிராணியிடம் சொல்லிப் பதியுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். பதியாத காயத்துக்குப் பணம் கேட்டு நிற்பது பெரும்பாடு.

அந்த அக்காளிடமும் இதைத்தான் சொன்னேன்: "ஊசி குத்திக்கங்க அக்கா, வேணாங்கல. ஆனா மொதல்ல அந்தச் சுமையை இறக்கச் சொல்லுங்க!"