எங்கம்மா சட்டியில என்னா இருக்குன்னு கேட்டீங்களா?

எங்கம்மாவுக்குச் சர்க்கரை. டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். 'உங்களுக்கான உணவுமுறை' என்று தலைப்பு. உள்ளே ஓட்ஸ், பாதாம், பனீர், ஆப்பிள். மேலே அம்மா பேரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். ஆளுக்கேத்த சாப்பாடுன்னா இதான் போல.

தாள் எழுதிய அம்மையார் "என்னா சாப்பிடுவே?" என்று கேட்டபோது பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். மாட்டுக்கறி என்று எங்கம்மா வாயைத் திறப்பாளா? "இட்லி, சோறு, சாம்பாரு. மூணு வேளையும் தின்னுருவம்மா" என்றாள். அத்தனையும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் மருந்தும் எழுதினார்கள். மெட்பார்மினோடு கிளிமிபிரைடு. இந்த இரண்டாவது மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். போட்டால் சாப்பிட்டே ஆகணும். போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நூறுநாள் வேலைக்குப் போனவள், 2022 கோடையில் ஏரிக்கரையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை 46. கூட வேலை செய்த பெண்கள் வெல்லம் கரைத்துக் கொடுத்துத்தான் தேறினாள்.

பொய் சொன்னது அவள் குற்றமா? மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள முடிச்சை அம்பேத்கர் 1948லேயே எழுதிவிட்டார். அது ஆஸ்பத்திரி மேசை வரைக்கும் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கறியில் மாவுச்சத்து கிடையாது. புரதமும் இரும்பும் இருக்கு. பாதாம் வாங்குற காசுக்கு வீடே கறி தின்னலாம். ரேசன் அரிசியோ 2011லிருந்து இலவசம், பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ. அப்புறம் தட்டில் சோறு குவியாமல் வேறென்ன குவியும்? (கொழுப்பும் உப்புக்கண்டத்து உப்பும் ஆகாதுதான். அதையும் சொல்லட்டும். சொல்றதுக்கு முதல்ல தாளில் கறின்னு எழுதணுமே!) 2023ல் நீலகிரி, தருமபுரி ரேசன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். கூழ் குடித்து வளர்ந்த மற்ற மாவட்டச் சேரிகள் என்ன பாவம் செய்தன?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. கொண்டுவரும் பெண் எங்கள் ஊர்க்காரிதான். எந்த வீட்டில் காலையில் அடுப்பு எரியாது, எந்த வீட்டில் நத்தை, எந்த வீட்டில் கருவாடு என்று அவளுக்குத் தெரியும். உணவுத் தாளை அவள் எழுதட்டும். மருத்துவம் படிக்கிற தோழர்களே, நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சாப்பாட்டுக்கு எந்த மாத்திரை, எப்போ, எத்தனை என்று எழுதுங்கள்.