எலும்புக்கும் ஒரு பி.டி. பீரியட்!



எலும்பு என்றதும், அறிவியல் கூடத்தில் தொங்கும் எலும்புக்கூடுதானே நினைவுக்கு வருகிறது? அது காய்ந்துபோன எலும்பு. உங்கள் உடம்பில் இருப்பதோ உயிருள்ள எலும்பு. அது வளர்கிறது, முறிந்தால் மீண்டும் கூடிக்கொள்கிறது!

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள். வளர வளரச் சில ஒன்று சேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகிவிடும். மிக நீளமானது தொடை எலும்பு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான்!

தொடை எலும்பின் வெளிப்புறம் கெட்டியாக இருக்கும். முனைகளின் உட்புறம், பஞ்சு போலச் சின்னச் சின்ன அறைகள். உள்ளே மஜ்ஜை. ரத்த அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில்தான். முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. நீங்கள் உயரமாவது இதனால்தான்.

எலும்பில் இரண்டு வகை வேலைக்காரர்கள் உண்டு. ஒருவர் பழைய எலும்பைக் கரைப்பார். இன்னொருவர் புதிதாகக் கட்டுவார். எங்கே அதிகம் கட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்த எலும்புக்கு வேலை அதிகமோ, அங்கே கட்டுவார்! ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். எடையே தெரியாத விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கோ, இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் தேய்கின்றன.

எலும்பு ஓர் உண்டியல் மாதிரி. 20 வயதுக்குள் அதில் பெரும்பகுதி நிரம்பிவிடும். நடுத்தர வயதுக்குப் பிறகு செலவுதான். வயதான பாட்டி லேசாக வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிவது இதனால்தான். எனவே, நீங்கள் இன்று ஓடுவதும் குதிப்பதும் 70 வயதுக்கான சேமிப்பு.

ஆனால், நடப்பது என்ன? பரீட்சை நெருங்கினால், பல பள்ளிகளில் பி.டி. பீரியட் கணக்கு பீரியட் ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் டியூஷன். பிறகு டிவி, செல்போன். உண்டியலில் காசு போடும் வயதில், உண்டியலையே பூட்டி வைக்கலாமா? ஆசிரியர்களே, பெற்றோரே... அந்த ஒரு பீரியடை மட்டும் குழந்தைகளிடமிருந்து பறிக்காதீர்கள், ப்ளீஸ்!

செல்லங்களே, நொண்டி, கபடி, ஸ்கிப்பிங் என்று தினமும் வெயில் படும்படி விளையாடுங்கள். ஓட முடியாத நண்பர் இருந்தால், அவரும் சேரும்படியான ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பால், கேழ்வரகு, கீரை என்றால் முகம் சுளிக்காதீர்கள். எலும்பைக் கட்டும் கால்சியம் அவற்றில்தான் இருக்கிறது.

சரி, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஓடுங்கள் விளையாட!

அன்புடன்,
ஆசிரியர்