ரிப்பனைக் கடைசி வாரம் ஒட்டுங்கப்பா!

ஐம்பது வயசுக்கு மேல வாட்டர்கலர் கத்துக்கப் போறேன்னு சொன்னப்ப தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க... அதையும் மீறிப் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஓடிப்போச்சு. நியூ ஜெர்சியில் நாங்க இருக்கிற ஊரில் ஒரு சின்னக் கலை மையம் இருக்கிறது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம். கீழே மண்பாண்ட வகுப்பு, மேலே ஓவிய வகுப்பு, நடுவுல ஒரு கூடம். வருஷா வருஷம் அங்க படிக்கிற மாணவர்களும் சந்தா கட்டுற மெம்பர்களும் செஞ்சதையெல்லாம் அந்தக் கூடத்துல மாட்டி ஒரு மாசம் கண்காட்சி வைப்பாங்க. அதுக்குப் பரிசும் உண்டு. வம்பே அங்கதான்.

பரிசு எப்படி முடிவாகுதுன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். வெளியூர்லேருந்து ஒரு நடுவரைக் கூப்பிடுவாங்க. ஓவியரா இருப்பார், இல்லை காலேஜ் வாத்தியார். திறப்பு விழாவுக்கு முதல் நாள் வந்து ரெண்டு மணி நேரம் சுத்திப் பார்ப்பார். எங்க கூடத்துல நூத்தி இருபது படம், பானை, நகை எல்லாம் இருக்கும். கணக்குப் போட்டுக்குங்க, ஒண்ணுக்கு ஒரு நிமிஷம். அப்புறம் பக்கத்துல பேர்ச்சீட்டு மேல ரிப்பன் ஒட்டிட்டுப் போயிடுவார். இங்கே நீலம்தான் முதல் பரிசு, சிவப்பு ரெண்டாவது, வெள்ளை மூணாவது. ஆறுதல் பரிசுக்கு எங்க மையத்துல பச்சை. எல்லாத்துக்கும் மேல 'பெஸ்ட் ஆஃப் ஷோ'ன்னு பெரிய பூ மாதிரி ஒண்ணு. பணம் பெருசா ஒண்ணும் இல்லை. பெயிண்ட் கடை கூப்பனோ அடுத்த வகுப்புக்குத் தள்ளுபடியோ கிடைக்கும்.

முப்பது வருஷமா வரையற மெம்பரையும் ஆறு வாரம் முன்னாடி பிரஷ் பிடிச்ச மாணவரையும் ஒரே தராசுல வைக்கிறாங்களேன்னு ஒரு புலம்பல் எப்பவும் உண்டு. நியாயமான புலம்பல்தான். மாணவர் படத்துல டீச்சர் கை எவ்வளவுங்கிறது இன்னொண்ணு (எங்க டீச்சர் "இங்க கொஞ்சம் நிழல் வேணுமே"ன்னு பிரஷை வாங்கினா திருப்பிக் கொடுக்க கால் மணி நேரம் ஆகும் :-)). அதையெல்லாம் பேச நான் வரலை. என் கோபம் வேற.

போன அக்டோபர்ல திறப்பு விழாவுக்குப் போனோம். உள்ளே நுழைஞ்சதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நேரா அந்தப் பெரிய ரிப்பன்கிட்ட போனேன். அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு. கூட்டம் பூரா அப்படித்தான், தேர் போற மாதிரி ரிப்பன் ரிப்பனா நகருது. பத்து படம் பார்த்துட்டு சீஸும் திராட்சையும் வெச்சிருந்த மேசைக்கு வந்துட்டேன். அப்ப தங்கமணி கேட்டாங்க, "ஏங்க, ரிப்பன் இல்லாததையெல்லாம் எப்பப் பார்க்கப் போறீங்க?"

சுரீர்னு இருந்தது.

மாடிப்படி ஓரத்துல எங்க வகுப்பு அம்மா ஒருத்தங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. எழுபதைத் தாண்டினவங்க. வீட்டுக்காரர் போனப்புறம் வகுப்புல சேர்ந்தவங்க. வெள்ளைத் துணி மேல ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம், அவ்வளவுதான் அவங்க படம். வாட்டர்கலர் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய பாடுன்னு தெரியும். வெள்ளை பெயிண்ட் எடுத்துப் பூசற வேலை கிடையாது. காகிதத்தோட வெள்ளையை அப்படியே விட்டு வைக்கணும், சுத்தி இருக்கிற நிழலை மட்டும் தீட்டணும். ஒரு தடவை கலர் உள்ளே ஓடிட்டா முடிஞ்சுது, வேற தாள் எடுக்க வேண்டியதுதான். அவங்க எட்டு வாரம் அதையே போட்டுப் பார்த்தாங்க. ஒன்பதாவது தாள்தான் சுவருக்கு வந்தது. கிண்ணத்து விளிம்புல எங்கே கிண்ணம் முடியுது, எங்கே துணி ஆரம்பிக்குதுன்னு கோடே இருக்காது, ஆனா கண்ணுக்குத் தெரியும். எனக்கு இன்னும் அது வரலை.

பேப்பர் தட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் அவங்க அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே நின்னாங்க. நான் பார்த்தவரை ரெண்டு பேர் நின்னாங்க. அதுல ஒருத்தர் ரெஸ்ட்ரூம் எங்கேன்னு கேட்டார்.

அவங்களுக்குப் பரிசு கிடைக்கலையேங்கிறது இல்லை என் வருத்தம். நடுவர் மோசம்னும் சொல்லலை. அந்த நீல ரிப்பன் படம் உண்மையிலேயே நல்ல படம். ரிப்பன் ஜெயிச்ச படத்தை உயர்த்தறதோட நிக்கறதில்லை, மத்த நூத்திப் பத்தையும் பார்வையாளர் கண்ணுலேருந்து எடுத்துடுது. "இங்கே பாரு"ன்னு சொன்னா "அங்கே பார்க்காதே"ன்னும் சொன்னதா ஆயிடுதே!

இந்த மாதிரி ஊர்க் கலை மையங்களோட கதையைக் கொஞ்சம் பார்த்தா இன்னும் உறைக்கும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத ஓவியர்களுக்கு அமெரிக்க அரசே சம்பளம் கொடுத்த 'ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட்' 1935இல் ஆரம்பிச்சது. அது நூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் கலை மையம் திறந்தது. சிகாகோவின் சவுத் சைடு மையம் 1940இல் அப்படித் தொடங்கினது, அதன் அர்ப்பண விழாவுக்கு 1941இல் எலினோர் ரூஸ்வெல்ட்டே வந்தாங்க. இன்னிக்கும் நடக்குது. மியூசியம் பக்கமே போக வாய்ப்பில்லாத ஜனங்க உள்ளூர்லயே கத்துக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சதைப் பார்க்கணும்னுதான் இதெல்லாம் வந்தது.

சரி, என் யோக்கியதையையும் சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி எனக்கும் ஒரு பச்சை ரிப்பன் கிடைச்சது, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு படத்துக்கு. ரெண்டு நாள் தரையில கால் படலை. அடுத்த ஒரு வருஷம் என்ன வரைஞ்சேன்னு நினைக்கிறீங்க? சொம்பு, கூஜா, அண்டா, பன்னீர்ச் சொம்பு... வீட்டுல இருந்த பித்தளை பூரா தீர்ந்துடுச்சு. அதுக்கு முன்னாடி மழை பெஞ்ச பார்க்கிங் லாட்டை எல்லாம் ஆசை ஆசையா வரைஞ்சுக்கிட்டு இருந்த ஆளு நான்.

1973இல் வந்த ஒரு ஆய்வு இதை அப்படியே சொல்லுது. லெப்பர், க்ரீன், நிஸ்பெட்னு மூணு பேர். ஸ்டான்ஃபோர்ட் நர்சரி பள்ளியில் படம் போடறதுன்னா ஆசைப்படற மூணு முதல் ஐந்து வயசுக் குழந்தைகளை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு, வரைஞ்சா நட்சத்திரமும் ரிப்பனும் வெச்ச சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொன்னாங்க. இன்னொண்ணுக்குச் சொல்லாம திடீர்னு கொடுத்தாங்க. மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, அவங்க பாட்டுக்கு விளையாட விட்டுக் கவனிச்சா, பரிசை எதிர்பார்த்து வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்களைவிடப் பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. எதிர்பாராம வாங்கினதுங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. நாங்க நரைச்ச தலைங்க, நர்சரி இல்லைன்னு நீங்க சொல்லலாம். ரிப்பன் விஷயத்துல பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை.

அப்ப பரிசே வேண்டாமா? அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க. நியூயார்க்கில் 1917இல் 'சொசைட்டி ஆஃப் இண்டிபெண்டண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நடத்தின கண்காட்சிக்கு நடுவரும் இல்லை, பரிசும் இல்லை. ஆறு டாலர் கட்டினா யார் வேணாலும் மாட்டலாம். தரம் பார்க்கக் கூடாதுன்னு பேரோட எழுத்து வரிசைப்படி மாட்டினாங்க! வந்து குவிஞ்சது ரெண்டாயிரத்துக்கும் மேல. அதுலயும் மார்செல் டூஷாம் வேற பேர்ல அனுப்பின மூத்திரக் கோப்பையை மட்டும் மாட்ட மாட்டோம்னுட்டாங்க, அவர் ராஜினாமா பண்ணிட்டார். ரெண்டாயிரம் படத்தை வரிசையா வெச்சா யார்தான் உட்கார்ந்து பார்ப்பாங்க? அதனால பரிசை ஒழிக்கணும்னு நான் சொல்லலை. அதுவுமில்லாம எங்க மையத்துல சில பரிசுகள் இறந்துபோன மெம்பர்கள் நினைவா அவங்க குடும்பம் கொடுக்கறது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ரிப்பனைக் கடைசி வாரம் ஒட்டுங்க. நடுவர் எப்ப வேணா வந்து பார்க்கட்டும், முடிவை உறையில போட்டு வைக்கட்டும். முதல் மூணு வாரம் சுவர்ல படமும் பேரும் மட்டும் இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு வர்றவங்க அவங்கவங்க கண்ணாலயே தேடட்டும். நடுவருக்குக் கொடுக்கிற பணத்துல இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துக் கேட்டு, மாணவர் படங்களுக்கு மட்டுமாவது ரெண்டு வரி எழுதி வாங்குங்க. "விளிம்பை நல்லா விட்டிருக்கீங்க, நிழல் இன்னும் அழுத்தமா இருக்கலாம்"னு ஒரு வரி போதும். கூப்பனைவிட அதுதான் எங்களுக்கு உபயோகம்.

கமிட்டியில இதைச் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டாங்க. "பரிசு அறிவிப்பு இல்லைன்னா திறப்பு விழாவுக்குக் கூட்டம் வராதே"ன்னாங்க. வருதுதான், பத்து படத்தைப் பார்க்க! அடுத்த கூட்டத்துலயும் கேட்பேன்.

அந்த அம்மா குளிர்கால வகுப்புக்குப் பேர் கொடுக்கலை. முட்டிவலி, மாடி ஏற முடியலைன்னாங்க. இருக்கலாம். அந்தக் கிண்ணம் படத்தை விலைக்குத் தருவீங்களான்னு போன்ல கேட்டேன். விக்கறதுக்கு இல்லைன்னுட்டாங்க. சமையலறையில மாட்டியிருக்காங்களாம், வேணும்னா வந்து பார்த்துட்டுப் போன்னாங்க. இந்த ஞாயித்துக்கிழமை நானும் தங்கமணியும் போறோம்.