உலைக்கு முன்னே ஒரு கை இருக்கிறது

பாலிஎத்திலீன் கழிவிலிருந்து மூலக்கூறு எடையும் உருகுநிலையும் கட்டுப்படுத்தப்பட்ட மெழுகு தயாரித்ததாக அறிவிக்கும் ஆய்வுக்கட்டுரைகள் பெருகிவருகின்றன. அவற்றுட் பல கழிவைத் தொடுவதே இல்லை. புதிய பாலிஎத்திலீன் மணிகளை வாங்கி உலையில் சிதைக்கின்றன; முன்னுரையில் மட்டும் குப்பைமேட்டைக் காட்டுகின்றன. இதைச் சோம்பல் என்று விட்டுவிட முடியாது. கட்டுப்பாடு எங்கே நிகழ்கிறது என்பதையே இது மறைக்கிறது.

ஆக்சிஜன் இன்றி 400 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினால் பாலிஎத்திலீன் சங்கிலிகள் அறுபடும். மூலக்கூறு எடை இலட்சங்களிலிருந்து சில ஆயிரங்களுக்கு இறங்கும். வெப்பநிலையும் நேரமும் அதை ஆளும். உருகுநிலை அவ்வாறு உலைக்குப் பணிவதில்லை; அது கிளைகளையும் பொறுத்தது. எச்.டி. கேன் பெரிதும் நேர்ச்சங்கிலியாலானது; 130 பாகையை ஒட்டி உருகும். எல்.டி. உறை கிளைகள் மிகுந்தது. 110 பாகையை ஒட்டியே உருகும். வெப்பம் சங்கிலியை அறுக்குமேயன்றிக் கிளைகளைக் களைந்து நேராக்காது. இரண்டும் கலந்த மூட்டை தரும் மெழுகு ஒரே புள்ளியில் உருகாமல் அகன்ற இடைவெளியில் குழையும். பி.வி.சி. சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்பட்டு உலையையே அரிக்கும்.

ஆக, உருகுநிலையின் பெரும்பகுதி உலைக்கு முன்பே, ரகம் பிரிக்கும் கையில் தீர்மானமாகிவிடுகிறது. கசக்கினால் சரசரப்பது எச்.டி., ஓசையின்றி இழுபடுவது எல்.டி., நீரில் மூழ்குவது பி.வி.சி. என்று அக்கை அறியும். மும்பையில் இவ்வுழைப்பு தாராவியின் 13ஆம் காம்பவுண்டிலும், தேவனார் குப்பைமேடு அமைந்த எம்-கிழக்கு வட்டத்திலும் நடக்கிறது. சீத்தா கேம்ப் இவ்வட்டத்தைச் சேர்ந்தது. 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஜோக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய நெடும்போராட்டத்தையும் மீறி, தமிழர் பலர் உட்பட ஏறத்தாழ 70,000 பேர் இங்கே பெயர்க்கப்பட்டனர். அறிவியல் நிறுவனம் ஒன்றுக்காக மக்களை ஒருமுறை அப்புறப்படுத்திய வட்டாரம் இது. இங்குள்ள உழைப்பை ஆய்வுமுறைப் பகுதியிலிருந்தும் அப்புறப்படுத்துவது எவ்வகை நேர்மை?

இயந்திரம் பிரிக்கும் என்பர். அகச்சிவப்புக் கருவி கரிக்கறுப்பு ஏற்றிய நெகிழியைக் கண்டறியத் திணறுகிறது. மெட்டலோசீன் வினையூக்கி போதும் என்பர். உண்மைதான்: ஹைட்ரஜனால் சங்கிலி நீளத்தையும், புரொப்பீன் போன்ற துணை ஒலிஃபினால் உருகுநிலையையும் அங்கே நுட்பமாக ஆளலாம். ஆனால் அது தூய எத்திலீனில் தொடங்கும் வேறொரு வேலை. கழிவுக்குத் தீர்வு என்று அதைக் காட்டி நிதி கேட்க முடியாது.

செய்யவேண்டியவை எளியவை. மூட்டை எங்கிருந்து வந்தது, எம்முறையில் பிரிக்கப்பட்டது, பிரித்தவர்க்கு என்ன கூலி தரப்பட்டது என்பன ஆய்வுமுறையில் பதிவாக வேண்டும். உருகுநிலையை ஒற்றை எண்ணாகத் தராமல் முழு வெப்ப வரைவையும் தரவேண்டும். புதிய மணிகளைப் பயன்படுத்திய கட்டுரை தலைப்பிலிருந்து 'கழிவு' என்ற சொல்லை நீக்க வேண்டும். இவற்றைக் கேளாமல் ஒப்புதல் தரும் மதிப்பீட்டாளரும் இப்பிழைக்குப் பொறுப்பாளியே.