மூன்று சதவீதத்துக்கு என்ன கிடைக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கலைப்பீட மாணவன். கோடிங் தெரியாது. 'பேமன்ட் கேட்வே' என்ற சொல்லே எனக்கு அறிமுகமானது ராத்தாவால்தான்.

ராத்தா அபாயா தைப்பவர். நாவிதன்வெளியில் எங்கள் வீட்டு முன் அறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறார். ஓர்டர் எல்லாம் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் வரும். இரவு பன்னிரண்டு மணிக்கும் "இது என்ன விலை?" என்று மெசேஜ் வரும். கைக்குழந்தையோடு அத்தனைக்கும் பதில் எழுதிக் களைத்துப்போய் ஒருநாள், "தம்பி, விலையெல்லாம் போட்டு ஒரு வெப்சைட் செஞ்சா என்ன?" என்று கேட்டார். மச்சான் ஒருத்தர் ஒரு கிழமைக்குள் தளத்தைக் கட்டித் தந்துவிட்டார். படம், அளவு, விலை எல்லாம் ஓகே. கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். வாங்குபவர் சல்லி கட்டுகிற பக்கம். அதற்கு மட்டும் ஒரு மாசம் போனது.

யாரிடம் கேட்டாலும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். "எதுல கொமிஷன் குறைவு?" நானும் தொடக்கத்தில் கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு சேவைக்கும் எத்தனை சதவீதம் என்றுதான் எழுதினேன். இப்போது நினைக்கிறேன், அது இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வி வேறு. ஏதாவது பிழையாகப் போனால், நட்டம் யார் தலையில் விழும்?

எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையைப் பாருங்கள். அங்கே 'செக்அவுட்' என்பது மேசையில் கிடக்கும் கடன் கொப்பி. "வெள்ளாமை வெட்டினதும் தாறன்" என்று சொன்னால் பெயரும் தொகையும் எழுதப்படும். அவ்வளவுதான். கடைக்காரர் முழு ஆபத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஏன் ஏற்கிறார்? ஆளைத் தெரியும், வாப்பாவைத் தெரியும், எந்தக் கண்டத்தில் எத்தனை ஏக்கர் என்று தெரியும். தெரிந்த முகம்தான் அங்கே உத்தரவாதம். வெப்சைட்டில் இல்லாதது அதுதான். குருநாகலில் இருந்து ஓர்டர் போடுகிறவருக்கு ராத்தாவைத் தெரியாது. ராத்தாவுக்கு அவரைத் தெரியாது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் முதலில் நம்ப வேண்டும்.

பணம் வாங்கும் முறைகளை இப்படிப் பார்த்தால் படம் தெளிவாகிவிடுகிறது.

பொருள் கைக்கு வந்த பிறகு காசு, அதாவது கேஷ் ஒன் டெலிவரி. நம் நாட்டில் ஒன்லைன் வியாபாரம் பெரும்பாலும் இதிலேதான் ஓடுகிறது. வாங்குபவருக்கு ஒரு கவலையும் இல்லை. விற்பவர்தான் நம்புகிறார். இந்தியாவில் பிளிப்கார்ட் 2010இல் இதைக் கொண்டுவந்ததும் இதே காரணத்துக்குத்தான். காட் இல்லாதவர்களும், இருந்தும் இணையத்தில் அதன் நம்பரைக் கொடுக்கப் பயந்தவர்களும் வாங்க வேண்டும் என்றால் கடைதான் முதலில் நம்ப வேண்டியிருந்தது. பெரிய கம்பனி அந்த நட்டத்தைத் தாங்கும். முன் அறையில் இரண்டு மெஷின் வைத்திருப்பவர்? ஒருதடவை அளவு எடுத்துத் தைத்த உடுப்பு, "இப்ப வேணாம்" என்ற ஒரே வார்த்தையோடு திரும்பி வந்தது. அந்த அளவு வேறு யாருக்கும் சரிவரவில்லை. இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

இரண்டாவது, முன்கூட்டியே வங்கிக்குப் போடச் சொல்வது. 2015இல் செப்ட்ஸ் வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இரவிலும் லீவு நாளிலும் காசு சில நொடிகளில் போய்விடும். விற்பவருக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. ஆனால் இங்கே வாங்குபவர்தான் முதலில் நம்ப வேண்டும். காசு போட்ட பிறகு கடை மறைந்துவிட்டால் அவர் யாரிடம் போவார்? விற்பவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. எங்களுக்கு ஒருமுறை வந்த ஸ்லிப், போனில் எடிட் செய்த ஸ்கிரீன்ஷொட். பார்சல் போய் இரண்டு நாளைக்குப் பிறகுதான் கணக்கில் காசு விழவில்லை என்று தெரிந்தது. ஸ்லிப்பைப் பார்த்து அனுப்பாதீர்கள். கணக்கைப் பார்த்து அனுப்புங்கள். இந்த ஒரு வரிக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு அபாயா.

மூன்றாவதுதான் கேட்வே. பேஹியர், வெப்எக்ஸ்பே, வன்பே என்று உள்நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கிகள் சிலவும் நேரடியாகத் தருகின்றன. வாங்குபவர் காட்டால் கட்டுவார், கடைக்கு உடனே உறுதி வரும், சில நாட்களில் காசு வங்கிக் கணக்குக்கு வரும். பொருள் வராவிட்டால் வாங்கியவர் தன் காட் வங்கியிடம் முறைப்பாடு செய்து காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் பார்சல் ஒப்படைத்த ஆதாரத்தை விற்பவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆக, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஆபத்து, நடுவில் விதி தெரிந்த மூன்றாம் ஆள். அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலிதான் கொமிஷன்.

இது புது யோசனையும் இல்லை. சீனாவில் 2003இல் தாவ்பாவ் தளத்துக்காக அலிபே தொடங்கியபோது அதன் வேலை இவ்வளவுதான்: வாங்குபவரின் காசைத் தன்னிடம் வைத்திருந்து, பொருள் கிடைத்தது என்று அவர் சொன்ன பிறகு விற்பவருக்குக் கொடுப்பது. வாப்பாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அமானிதம் வைக்கிற மாதிரித்தானே?" என்றார். அதேதான் வாப்பா. ஒரு மாசம் நான் தேடிய சொல் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கொமிஷன் மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,500 ரூபா அபாயாவுக்கு 135 ரூபா. பத்து ஓர்டருக்கு 1,350. "ஆயிரத்து முந்நூற்றைம்பதா!" என்று ராத்தா வாயில் கை வைத்தார். இப்போது கேஷ் ஒன் டெலிவரி. பத்தில் இரண்டு திரும்பி வருகிறது, ஒன்றுக்குப் போக வரக் கூரியர் செலவு 700 என்று வைத்தால் 1,400. கிட்டத்தட்டச் சமன். அதற்கு மேல் விற்காத இரண்டு உடுப்பு அலுமாரியில். கூரியர் வசூலித்த காசு நம் கைக்கு வரும் நாள் தனி. 'இலவசம்' என்று நினைத்ததன் கூலியையும் நாம்தான் கட்டிக்கொண்டிருந்தோம், பில் வராததால் கண்ணில் படவில்லை.

அப்படியென்றால் எல்லாரும் கேட்வே போடுங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. கல்முனையில் இருந்து, சம்மாந்துறையில் இருந்து வாங்கும் மாமிமாருக்கு ராத்தாவைத் தெரியும். அங்கே நடுவில் ஆள் தேவையே இல்லை. தேவையில்லாத அமானிதத்துக்கு ஏன் கூலி? அவர்களுக்கு வங்கிக் கணக்கு, அல்லது மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் பொதுவாகக் கொண்டுவந்த லங்கா கியூஆர் போதும். (ஒன்றைக் கவனியுங்கள்: கியூஆர் படத்தை வெப்சைட்டில் போட்டால், போனில் பார்ப்பவர் தன் போனையே தன் போனால் ஸ்கேன் பண்ண முடியாது. வீட்டு வாசலிலும் கடை மேசையிலும் ஒட்டத்தான் அது நல்லது.) அளவு எடுத்துத் தைப்பதற்கு நம் ஊர்த் தையல்காரர்களின் பழைய வழக்கம்: பாதி முற்பணம், மீதி கையில் கொடுக்கும்போது. தெரியாத ஊர், தெரியாத ஆள் என்றால் கேட்வே. இவ்வளவுதான் எங்கள் முடிவு. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் யாருக்கு எது என்று பிரித்த பிறகுதான் ராத்தாவுக்கு மூன்று சதவீதம் கசக்காமல் போனது.

யூடியூப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு விசயம். ஸ்ட்ரைப் இலங்கைக் கடைகளுக்குக் கணக்குத் தருவதில்லை. பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்பது பல வருடக் கதை. வெளிநாட்டு வீடியோக்கள் பாதி நம் நாட்டுக்குப் பொருந்தாது. அடுத்தது, தவணையில் கட்டும் சேவைகள். மூன்று தவணை என்றதும் விற்பனை கூடும்தான். தவணை பிந்தினால் கட்டணம் அறவிடும் சேவை என்றால் வட்டிக் கேள்வி வரும். அதற்குப் பத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்டுத் தெளிவான பிறகு போடுங்கள், பொத்தான் அழகாக இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

தொழில்நுட்பப் பக்கம் எனக்கு விளங்கியது கொஞ்சம். காட் நம்பரை உங்கள் தளத்தில் வாங்காதீர்கள். கட்டும் நேரம் கேட்வேயின் சொந்தப் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிற முறையே சின்னக் கடைக்குப் பாதுகாப்பு. நம்மிடம் இல்லாத நம்பரை யாரும் நம்மிடமிருந்து திருட முடியாது. இன்னொன்று, 'நன்றி' என்ற பக்கம் வந்துவிட்டால் காசு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பக்க முகவரியை யாரும் நேரடியாகத் தட்டலாம். கேட்வேயின் சேவர் நம் சேவருக்குத் தனியாக அனுப்பும் அறிவிப்புத்தான் சாட்சி. தளம் கட்டுகிறவரிடம் இதைக் கேளுங்கள். அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆனால் கோடிங்கைவிடப் பெரிய கேள்வி ஒன்று எங்கள் வீட்டில் வந்தது. கேட்வே கணக்கு யாருடைய பேரில்?

விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பெரும்பாலும் வியாபாரப் பெயர்ப் பதிவு எல்லாம் கேட்பார்கள். பெயர்ப் பதிவுக்குக் கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டும். "அதெல்லாம் எதுக்கு, என்ட பேர்ல இருக்கிறதுல போடுவம்" என்றார் ஒரு காக்கா, நல்ல மனசோடுதான். எனக்கு அப்போதே நெருடியது. இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்கள் தைக்கிறார்கள், மருதமுனையில் நெசவு நெய்கிறார்கள், பலகாரம் சுடுகிறார்கள். காசு போய் விழும் கணக்கோ தம்பியின் கணக்கு. ஓடிபி வரும் நம்பரோ கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளையின் நம்பர். அவர் வேலையில் இருந்தால் இங்கே வியாபாரம் நிற்கும். நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் உழைப்பு அவவுடையது, ஆவணம் வேறு ஒருவருடையது. நட்டம் யார் தலையில் என்று கேட்டோமே, லாபம் யார் கையில் என்றும் கேட்க வேண்டும். ராத்தா இரண்டு நாள் அலைந்தார். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போகும் மாரி காலம் வேறு. ஆனாலும் பதிவு, கணக்கு, நம்பர் மூன்றும் இன்று அவருடைய பேரில்.

கடைசியாக ஒரு முறைப்பாடு, இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் இல்லை. ஏடிஎம் மெஷினுக்கு முன் நின்றால் சிங்களமா தமிழா ஆங்கிலமா என்று கேட்கிறது. நான் திறந்து பார்த்த கட்டணப் பக்கங்களோ பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும்தான். சாச்சி ஒருவர் பரீட்சித்துப் பார்க்க உட்கார்ந்தார். காட் இருக்கிறது, காசு இருக்கிறது. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்ததும், "என்ட சல்லி போயிட்டா மனே?" என்று பயந்து போனை வைத்துவிட்டார். காலாவதித் திகதியைத்தான் மாற்றிப் போட்டிருந்தார். என்ன நடக்கிறது என்று விளங்காமல் கட்டுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆபத்தை ஏற்கிறார். நடுவில் நிற்கும் அமானிதக்காரர் பேசும் மொழி புரியாவிட்டால் அவரை எப்படி நம்புவது? கட்டணப் பக்கமும் ஓடிபி குறுஞ்செய்தியும் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று மத்திய வங்கி ஒரு விதி போடலாம். போட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். ராத்தாவின் தளத்தில் கட்டும் பொத்தானுக்கு மேலே இப்போது நாலு வரி தமிழ் இருக்கிறது. எழுதியது நான், திருத்தியது ராத்தா:

"அடுத்த பக்கம் ஆங்கிலத்தில் வரும், பயப்பட வேண்டாம். உங்கள் காட் நம்பர் எங்களுக்குத் தெரியாது. உடுப்பில் எங்கள் பிழை இருந்தால் ஏழு நாளைக்குள் காசு திரும்பும். ஏதும் விளங்காவிட்டால் கட்ட முன் எங்களுக்கு ஒரு கோல் எடுங்க."

கடைசி வரி கேட்வேக்காரர்களின் வழிகாட்டியில் இல்லை. அதுதான் எங்கள் பலசரக்குக் கடைக் கொப்பியிலிருந்து எடுத்தது.