பால்தானே என்று நினைத்தேன்!

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். என் ஓரகத்தியின் மகனுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் நின்றுபோய், நாலாம் மாதத்திலிருந்தே டப்பா பால்தான்.

"டப்பா விக்கிற விலை கட்டுப்படியாகலை. எதிர் வீட்ல கறந்த பால் வாங்கி, தண்ணி ஊத்திக் காய்ச்சிக் குடுத்தா என்ன? என் புள்ளைங்க நாலும் அப்படித்தான் வளந்துச்சுங்க" என்றார் என் மாமியார்.

"ஒரு வருஷம் முடியட்டும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள் ஓரகத்தி.

கொழுந்தனார் வேறு ஒரு கதை கொண்டுவந்தார். "மூணாம் நம்பர் டப்பாவ ரெண்டு வயசு வரைக்கும் குடுத்தாத்தான் மூளை வளருமாம், கடையில சொன்னாங்க."

கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் சூடுபட்ட பூனை நான்தான்!

என் மகள் இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்தபோது என் வீட்டுக்காரர் கோர்வைச் சேலை போட்டுக்கொண்டிருந்தார். கோர்வை என்றால் ஒரு ஆள் போதாது. கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். தை மாத முகூர்த்தச் சேலை, தேதிக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் மாதமே நானும் தறியில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை தூளியில் அழும். நான் இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்பேன். சரியாக ஊட்டாமல் பாலும் குறைந்துவிட்டது. பிறகு டப்பாதான்.

ஒரு டப்பா நாலு நாளில் தீர்ந்துவிடும். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இன்னும் ரெண்டு நாளைக்கு வரட்டுமே என்று கரண்டி மாவைக் குறைத்துப் போட்டுக் கலக்கினேன். அதுவும் முடியாமல், ஏழாம் மாதம் பசும்பாலுக்கு மாற்றினேன். பால்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

குழந்தை கொழுகொழுவென்று ஆனாள். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். சோறு ஊட்டினால் துப்புவாள். பாட்டிலைக் கொடுத்தால் மடக் மடக்கென்று குடிப்பாள். ஒரு வயது முடிந்து காமாட்சி அம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போனபோது, நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமைதான்! பதினாலாம் மாதம் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனோம். அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழு! பத்தரை, பதினொன்றாவது இருக்க வேண்டுமாம்.

"எவ்வளவு பால் குடுக்கறீங்க?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "ஒரு லிட்டர் டாக்டர்" என்றேன், ஏதோ நல்ல பதில் சொல்வது போல.

அன்று அவர் விளக்கியதை இன்று வரை மறக்கவில்லை. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை, வயிற்றிலிருந்தே இரும்புச் சத்தைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான். பிறகு சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு தினம் 8 மில்லிகிராம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் 1 மில்லிகிராம் கூடத் தேறாது. அதோடு போகவில்லை. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு வயதுக்குள் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியுமாம். தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு புரதமும், கூடுதல் உப்பும் பசும்பாலில் இருப்பதால், பிஞ்சுச் சிறுநீரகத்துக்கும் பாரம். வயிறு நிறைகிறது, பசி அடங்குகிறது, ரத்தம் மட்டும் ஊறுவதில்லை!

இது என் மகளுக்கு மட்டும் வந்த கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் 57 பேருக்கு. பால் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாலைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு சோற்றைத் துப்பும் குழந்தை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. தாய்ப்பால் இருந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம். ஆறு மாதம் வரை அது மட்டும், பிறகு சாப்பாட்டோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். டப்பா பால் குடிக்கும் குழந்தைக்கு, முடிந்தவரை ஒரு வயது வரை டப்பாவே இருக்கட்டும். அதில் இரும்புச் சத்து சேர்த்திருக்கிறார்கள். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். நான் செய்தது போல கரண்டியைக் குறைத்தால் அது பாலே இல்லை, வெள்ளைத் தண்ணீர்!

வாங்கவே முடியாத வீடுகளும் நம் ஊரில் உண்டு. அந்தத் தாய்மார்கள் குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டாம். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தபின் டப்பா பாலோ, மாட்டுப் பாலோ எது வேண்டுமானாலும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் நன்றாகக் காய்ச்சித் தர வேண்டும். பாலை மட்டும் நம்பாமல் சாப்பாடும் தர வேண்டும். டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ சொல்லி இரும்புச் சத்து டானிக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் மட்டும் பசும்பால் வேண்டவே வேண்டாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஒரு வயது முடிந்ததும் தைரியமாகப் பசும்பாலுக்கு மாறலாம். ஒரே நாளில் மாற்றாமல், முதலில் ஒரு வேளை, ரெண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு வேளை என்று மாற்றினால் வயிறு பழகிவிடும். தண்ணீர் கலக்க வேண்டாம். கொழுப்பு எடுத்த பாலும் ரெண்டு வயது வரை வேண்டாம். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளரில் கொடுங்கள். முதலில் சோறு, பிறகு பால். இந்த ஒன்றை மாற்றியதும் என் மகள் சாப்பிட ஆரம்பித்தாள். குழைந்த சோற்றில் பருப்பும் முருங்கைக்கீரையும், முட்டை, ஈரல், கூடவே ரெண்டு சொட்டு எலுமிச்சம் சாறு. புளிப்பு சேர்ந்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டுமாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் விடுவதில்லை. மருந்தும் சாப்பாடுமாக, அவள் கண்ணில் சிவப்பு திரும்ப நாலு மாதம் ஆனது.

அந்த மூணாம் நம்பர் டப்பாவும் வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் சாதாரணப் பால் போதும், அந்த வகை மாவு தேவையில்லை என்றும் அதே 2023 அறிவுரையில் இருக்கிறது. ரெண்டு வயது வரைக்குமான பால் மாவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-ல் வந்து 2003-ல் திருத்திய சட்டம் இருக்கிறது. விளம்பரம் இல்லாததால்தான் கடை வாய்ப் பேச்சில் விற்கிறதோ என்னவோ! அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வாங்கலாம், யோசியுங்கள்.

கடைசியாக என் மனக்குறை ஒன்று. தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2021 முதல் ஒரு வருடம் பிரசவ விடுப்பு. நல்ல விஷயம். காஞ்சிப் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். ஆனால் அந்தப் பட்டை வீட்டுத் தறியில் நெய்கிற பெண்ணுக்கு யார் விடுப்பு தருவது? அவளுக்கு ஆறு மாதம் தறியிலிருந்து ஓய்வும், அந்தக் கூலிக்கு ஈடும் கிடைத்தால், எங்கள் தெருவில் பாதி டப்பாக்கள் வீட்டுக்குள் நுழையாது. அரசும், சேலைக்கு ஆர்டர் கொடுப்பவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டு வாக்குவாதம் என்ன ஆனது என்கிறீர்களா? ஒரு வயது வரை டப்பாச் செலவில் பாதி எங்களுடையது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, கீரையும் பருப்பும் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். "உன் பெரியம்மா சொல்லிட்டா, சாப்புடுடா ராசா!"

— ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.